23% வந்தால் திருட்டா? ஆய்வேடு, சிமிலாரிட்டி ரிப்போர்ட், 10% கணக்கு

ஏரிக்கரை:
வரலாற்றுத் துறை முனைவர் பட்ட ஆய்வேடு. எழுதியது தமிழில், பார்த்த நூல்களில் பாதி ஆங்கிலம். சமர்ப்பிக்கும் முன் எடுத்த சிமிலாரிட்டி ரிப்போர்ட்டில் (ஏற்கெனவே உள்ள எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டுவது) 23% வந்திருக்கிறது. "10-க்குள்ள கொண்டு வாங்க" என்பதோடு நூலகத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. எதைக் குறைப்பது, எப்படிக் குறைப்பது? அந்த 10 எங்கிருந்து வந்தது? வெளியே கம்ப்யூட்டர் சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு 5%-க்கு இறக்கித் தருகிறார்களாம். அதில் வில்லங்கம் உண்டா?

நூலகமேசை:
கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: வில்லங்கம்தான், கிட்டப் போகாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

10 வந்தது யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ஒழுங்குமுறையிலிருந்து. உயர்கல்வி நிறுவனங்களில் கல்வி நேர்மையை வளர்ப்பது, கருத்துத் திருட்டைத் தடுப்பது என்று நீளமான பெயர். ஆய்வேட்டுக்கு அதில் நான்கு படி:

0-ஆம் படி: 10% வரை. சிறு ஒற்றுமை, தண்டனை இல்லை.
1-ஆம் படி: 10-க்கு மேல் 40 வரை. திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், கெடு அதிகபட்சம் 6 மாதம்.
2-ஆம் படி: 40-க்கு மேல் 60 வரை. ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது.
3-ஆம் படி: 60-க்கு மேல். பதிவே ரத்து.

கட்டுரை, நூல் வெளியிடும் ஆசிரியர்களுக்குத் தண்டனை வேறு. 2-ஆம் படியில் ஒரு இன்கிரிமென்ட் போகும், 2 ஆண்டு புதிதாக யாருக்கும் கைடாக இருக்க முடியாது. 3-ஆம் படியில் இரண்டு இன்கிரிமென்ட், 3 ஆண்டு.

23 என்றதும் 1-ஆம் படியில் விழுந்துவிட்டோம் என்று பதற வேண்டாம். எதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதையும் அதே ஒழுங்குமுறைதான் சொல்கிறது: உரிய சான்று காட்டி எடுத்தாண்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள். உங்களிடம் இருப்பது இவற்றைக் கழித்த ரிப்போர்ட்டா, கழிக்காததா?

சிவப்புமை:
மேசைக்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு அடுத்ததும் ஒன்று உண்டு: அந்த 23 எத்தனை மூலங்களிலிருந்து வந்தது? ரிப்போர்ட்டின் முதல் பக்கத்து எண்ணைத் தூக்கிப் போடுங்கள். கடைசியில் மூலப் பட்டியல் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஓர் எண், ஒரு சதவீதம். நாற்பது மூலங்களிலிருந்து அரை அரையாகச் சேர்ந்த 23 வேறு. ஒரே நூலிலிருந்து வந்த 9 வேறு. மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் சொல்வரிசை. அது மேற்கோளா, வழக்குத் தொடரா, உருவியதா என்பதைப் படித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மொத்த எண்ணை மட்டும் பார்த்து முத்திரை குத்துவது குமாஸ்தா வேலை.

பட்டியலைப் பிரித்து இங்கே போடுங்கள்.

ஏரிக்கரை:
கழிக்காத ரிப்போர்ட்தான் ஐயா. பிரித்தால் இப்படி வருகிறது: துணைநூற்பட்டியல் 7. உறுதிமொழி, சான்றிதழ்ப் பக்கங்கள் 1. ஆய்விதழில் வந்த என் சொந்தக் கட்டுரை 5. கல்வெட்டுப் பாடங்கள் 3. ஏரிப் பாசனம் பற்றிய ஒரு நூல் 4. மீதி 3 அங்கங்கே சிதறல்.

சிவப்புமை:
துணைநூற்பட்டியல் 7, சான்றிதழ் 1: அமைப்பில் கழித்துவிடச் சொல்லுங்கள். கல்வெட்டுப் பாடம் முதன்மைச் சான்று. தொகுதி எண், கல்வெட்டு எண் போட்டு, மேற்கோள் குறிக்குள்ளோ தனிப் பத்தியாக உள்ளே தள்ளியோ இருந்தால் அதுவும் கழியும். சிதறல் 3-ஐத் தொடவே வேண்டாம். "பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்" என்பதை வேறு எப்படித்தான் எழுதுவீர்கள்? அதை மாற்றப் போனால் தமிழ்தான் கோணலாகும்.

ஆக 11 போய், 3-ஐ விட்டுவிட்டு, மிச்சம் இரண்டு மூலம். சொந்தக் கட்டுரை 5-க்கு வழி இருக்கிறது, மேசைக்காரர் சொல்வார். உண்மையான சிக்கல் அந்த ஒரே நூலிலிருந்து வந்த 4. உங்கள் ஆய்வேடு 50,000 சொல் என்று வைத்துக்கொண்டால் 4% என்பது 2,000 சொல். பக்கத்துக்கு 250 சொல் கணக்கில் எட்டுப் பக்கம். ஒருவருடைய நூலிலிருந்து எட்டுப் பக்கம் அப்படியே உங்கள் பெயரில் நிற்கிறது. "10-க்குள்தானே" என்று விட்டுவிட்டால் மென்பொருள் ஒன்றும் சொல்லாது. அந்த நூலைப் படித்த புறத்தேர்வாளர் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சொல்வார்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. சுருக்கம், கருதுகோள், கண்டறிந்தவை, முடிவுகள், பரிந்துரைகள் ஆகியவை சொந்தச் சிந்தனையாகவே இருக்க வேண்டும், அவற்றில் ஒற்றுமை கூடாது என்கிறது ஒழுங்குமுறை. பொது அறிவும், தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்ச்சியான 14 சொல் வரையும்தான் விலக்கு. மொத்தம் 6% வந்தாலும் அந்த 6 முடிவுரையில் குவிந்திருந்தால் நிம்மதி கொள்ள முடியாது.

ஏரிக்கரை:
அந்த நூல் துணைநூற்பட்டியலில் இருக்கிறது. அத்தியாயத் தொடக்கத்தில் ஓர் அடிக்குறிப்பும் உண்டு. சொற்களை மாற்றி எழுதிவிட்டால் சரியாகிவிடாதா?

திருத்தும்கை:
ஆகாது. இந்தக் குழப்பம்தான் ஆய்வேடுகளில் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மூல நூலில் இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம் (இது நான் கட்டியது):

"மழைக்காலத்தில் ஏரியில் தேங்கும் நீர், கோடையில் மதகு வழியே வயலுக்குப் போவதோடு நிற்பதில்லை, சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் உயர்த்துகிறது. ஆகவே ஏரி தூர்ந்தால் பாசனம் மட்டுமல்ல, குடிநீரும் பாதிக்கப்படும்."

ஆய்வேட்டில் வழக்கமாக வருவது:

"பருவமழையின்போது ஏரியில் சேரும் தண்ணீர், வெயில் காலத்தில் மடை வழியாக நிலத்துக்குச் செல்வதுடன் முடிவதில்லை, அருகிலுள்ள கேணிகளின் நீர் அளவையும் கூட்டுகிறது. எனவே ஏரி மேடிட்டால் விவசாயம் மட்டுமன்றிக் குடிநீரும் பாதிப்படையும்."

சொல்லுக்குச் சொல் மாற்றியாயிற்று. மென்பொருள் பிடிக்காது. ஆனால் காற்புள்ளி விழுந்த இடம், "மட்டுமல்ல" என்ற திருப்பம், காரணத்துக்குப் பின் விளைவு என்ற வரிசை எல்லாமே மூல ஆசிரியருடையவை. எலும்புக்கூடு அவருடையது, சட்டை மட்டும் உங்களுடையது. இதன் முடிவில் அடிக்குறிப்பு எண் போட்டாலும் அரைகுறைதான். அடிக்குறிப்பு "கருத்து அவருடையது" என்றுதான் சொல்கிறது, நடை உங்களுடையது என்று வாசகர் எடுத்துக்கொள்வார்.

ஒழுங்காகச் செய்தால்:

"கிணற்று நீர்மட்டத்தை ஏரியோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறார் இன்னார் (ஆண்டு, பக்கம்). ஏரி தூர்ந்தால் முதலில் அடிபடுவது பாசனமா குடிநீரா என்ற கேள்விக்குள் அவர் போகவில்லை. இவ்வியல் எடுத்துக்கொண்ட மூன்று ஊர்களில் அதையே பார்க்கிறோம்."

மூலத்திலிருந்து வந்தது ஒரு வாக்கியம். யார் சொன்னது என்பது வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்குப் பிறகு உங்கள் வேலை தொடங்குகிறது. எட்டுப் பக்கத்தையும் இப்படி எழுதினால் அது ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கும். சுருங்கட்டும். அந்த இயலில் உங்கள் சரக்கு எவ்வளவு என்று அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

அத்தியாயத் தொடக்கத்தில் ஒரே ஒரு அடிக்குறிப்பு போட்டுவிட்டு இருபது பக்கம் எடுத்தாள்வதும் செல்லாது. எடுத்த ஒவ்வோர் இடத்திலும், பக்க எண்ணோடு வர வேண்டும். பட்டியலில் பெயர் இருப்பது அந்த நூலைப் பார்த்தீர்கள் என்பதற்கு மட்டும்தான் சான்று.

எழுத்துருக்காரன்:
திருத்தும்கை கொடுத்த பத்தியின் முதல் வாக்கியத்தை எண்ணிப் பாருங்கள், "மழைக்காலத்தில்" தொடங்கி "உயர்த்துகிறது" வரை. சரியாக 14 சொல். இதையே ஆங்கிலத்தில் சொன்னால் 30-ஐத் தொடும். வேற்றுமை உருபும் சாரியையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் தமிழில் 14 சொல் என்பது முழுசாக ஒரு கருத்து. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போட்ட அளவு தமிழுக்குத் தாராளமாகிவிடுகிறது. அதனால் தமிழ் ஆய்வேடு எழுதுபவர்கள் 14-ஐ ஒரு சலுகையாக நினைக்க வேண்டாம். 7, 8 சொல் தொடர்ந்து அப்படியே வந்தாலே மேற்கோள் குறி போடுவது நல்லது.

எதிர்ப்பக்கமும் உண்டு. "கிணறுகளின்" என்பதைக் "கிணற்றின்" என்று மாற்றினால் மென்பொருளுக்கு அது வேறு சொல். ஆங்கிலத்தைவிடத் தமிழில் தப்பிப்பது சுலபம். தமிழ் ஆய்வேட்டில் 4% என்று வந்தால் உண்மையில் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

எழுத்துருவையும் பாருங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது திரையில் தமிழாகத் தெரியும், கோப்புக்குள் இருப்பவை ரோமன் எழுத்துகள். மென்பொருள் அதை அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாகத்தான் படிக்கும். அப்படிக் கொடுத்த கோப்புக்கு 0% வந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை, சோதனையே நடக்கவில்லை. ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பிறகுதான் கொடுக்க வேண்டும். மாற்றியில் போட்டபின் ஒருமுறை கண்ணால் படியுங்கள், கல்வெட்டுப் பாடங்களில் கிரந்த எழுத்துகள் சிதைந்திருக்கும்.

நூலகமேசை:
இப்போது சொந்தக் கட்டுரையும் கம்ப்யூட்டர் சென்டரும்.

தன் எழுத்தையே மறுபடி எடுப்பது பற்றி 2020 ஏப்ரல் 20 அன்று யு.ஜி.சி. தனி அறிவிப்பு விட்டது. முன்பு வெளியான தன் எழுத்தை, உரிய குறிப்பில்லாமல் புதியதுபோலக் கொடுப்பது ஏற்கத்தக்கதல்ல என்பது அதன் சாரம். ஒரே ஆய்வைத் துண்டு துண்டாக வெட்டிப் பல கட்டுரையாக்குவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆய்வேட்டுக்காகச் செய்த வேலையின் ஒரு பகுதி முன்பே கட்டுரையாக வந்திருந்தால் அதில் தவறில்லை, மறைப்பதுதான் தவறு. அந்த இயலின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு, கைடிடமிருந்து ஒரு சான்று, ரிப்போர்ட்டில் அந்த மூலத்தைக் கழிக்கக் கோரிக்கை. கூட்டாசிரியர் இருந்தால் எது யாருடைய பங்கு என்பதும் வேண்டும்.

சென்டர் சமாசாரம். டர்னிட்டின் என்ற ஒற்றுமை பார்க்கும் மென்பொருளில் ஒரு கோப்பை ஏற்றும்போது "களஞ்சியத்தில் சேர்" அல்லது "சேர்க்காதே" என்று ஒரு தேர்வு இருக்கிறது. எங்கிருந்தோ கடன் வாங்கிய கணக்கில், அந்தத் தேர்வைப் பார்க்காமல் உங்கள் வரைவை ஏற்றிவிட்டால் அது களஞ்சியத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு பல்கலைக்கழகம் அதே மென்பொருளில் முறையாக ஏற்றும்போது ஏதோ ஒரு கல்லூரியின் மாணவர் கட்டுரையோடு 90%-க்கு மேல் ஒத்துப்போகிறது என்று வரும். எழுதியது நீங்கள்தான், ஆனால் நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில். நீக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அந்தக் கணக்கை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான், உங்களுக்கு இல்லை. அந்தக் கணக்கு யாருடையது என்று சென்டர்காரருக்கே தெரிந்திருக்காது.

இங்கே 2019-இல் ஷோத்சுத்தி என்ற அரசுத் திட்டம் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்கு உர்குண்ட் என்ற அதே வகை மென்பொருள் வந்தது, பிறகு டிரில்பிட். ஒவ்வொரு மென்பொருளின் தரவுக் களஞ்சியமும் வேறு என்பதால் ஒரே கோப்புக்கு ஒன்றில் 8, இன்னொன்றில் 17 என்று வருவது இயல்பு. உங்கள் பல்கலைக்கழகம் எதைப் பயன்படுத்துகிறதோ அதில் எடுத்த ரிப்போர்ட்தான் செல்லும்.

திருத்தும்கை:
சென்டரில் "இறக்கித் தருவது" எப்படி என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, ஒவ்வொரு சொல்லுக்கும் இணைச்சொல் போடும் கருவி. ஆங்கில ஆய்விதழ்களில் இது போட்ட கோலத்தை 2021-இல் ஆய்வாளர்கள் சிலர் தொகுத்துக் காட்டினார்கள்: 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்' (போலி உணர்வு) ஆகியிருந்தது, 'பிரெஸ்ட் கேன்சர்' என்பது 'பூசம் பெரில்' (மார்பு ஆபத்து) ஆகியிருந்தது. தமிழில் அதே வேலையைத் தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று மொழிபெயர்ப்புக் கருவியில் இரண்டு முறை ஓட்டிச் செய்கிறார்கள். 'மதகு' 'வாயில்' ஆகும், 'மடைப்பள்ளி' என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, சொற்களுக்கு நடுவே வெள்ளை நிறத்தில் எழுத்துகளைச் செருகுவது, ரோமன் எழுத்துக்குப் பதில் அதேபோல் தோன்றும் ரஷ்ய எழுத்தைப் போடுவது. டர்னிட்டின் இரண்டையும் கொடி போட்டுக் காட்டும். அதன்பின் "தெரியாமல் நடந்துவிட்டது" என்று சொல்ல வாயிருக்காது.

வைகறை:
குறுக்கே ஒரு கேள்வி. ஆங்கில நூலைப் படித்து நானே தமிழில் எழுதினால் சொற்கள் எல்லாம் என்னுடையவைதானே? ரிப்போர்ட்டிலும் வராது.

எழுத்துருக்காரன்:
வராது என்பது உண்மை. ஆனால் ஒரு பத்தியை வரிக்கு வரி மொழிபெயர்த்துவிட்டு ஆசிரியர் பெயரை விட்டால் அது சுத்தமான கருத்துத் திருட்டு. நம் வழக்கிலேயே முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பை முதல்நூல் என்று யாரும் சொன்னதில்லை.

நடைமுறையில்: ஏபிஏ என்ற சான்று காட்டும் முறையில், நீங்களே செய்த மொழிபெயர்ப்பு எடுத்துரைப்பாகவே கொள்ளப்படும், மேற்கோள் குறி தேவையில்லை. ஆனால் ஆசிரியர், ஆண்டு கட்டாயம், பக்க எண்ணும் போட்டுவிடுங்கள். "மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது" என்று முன்னுரையில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். வெளிவந்த தமிழ் மொழிபெயர்ப்பு இருந்து அதை எடுத்தால் மொழிபெயர்ப்பாளர் பெயரும் வர வேண்டும். ஆங்கில நூல் இன்னொருவரை மேற்கோள் காட்டி, அதை நீங்கள் எடுத்தால் "எடுத்தாண்டவர்: இன்னார்" என்று எழுதுங்கள். மூலத்தைப் பார்க்காமலேயே மூலத்துக்கு அடிக்குறிப்பு போடுவது தமிழ் ஆய்வேடுகளில் சகஜம். இடையில் இருந்தவர் மூலத்தைத் தப்பாகப் பிரதியெடுத்து, அதே தப்பு உங்களிடமும் இருந்தால் குட்டு உடைந்துவிடும்.

இரண்டாமாண்டு:
இளங்கலை படிக்கிறேன். அசைன்மென்டுக்கும் இந்த 10, 40, 60 எல்லாம் உண்டா?

நூலகமேசை:
இல்லை தம்பி. அந்த ஒழுங்குமுறை முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியீடுகளுக்கும்தான். அசைன்மென்ட், டெர்ம் பேப்பர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கட்டுரை, விடைத்தாள் இவற்றை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறார்கள். அங்கே உங்கள் கல்லூரி வைத்ததுதான் சட்டம். பூஜ்யம் போடலாம், மறுபடி எழுதச் சொல்லலாம். பாடத்திட்டக் கையேட்டில் இருக்கும், இல்லாவிட்டால் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஏஐ பயன்படுத்தலாமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். 2018 விதியில் அந்தப் பேச்சே கிடையாது.

சிவப்புமை:
ஏஐ விஷயத்தில் சதவீதப் பைத்தியம் இன்னும் மோசம். டர்னிட்டின் 2023 ஏப்ரலில் ஏஐ கணிப்பைச் சேர்த்தது. 20%-க்குக் கீழே வரும் கணிப்பை இப்போது எண்ணாகக் காட்டாமல் நட்சத்திரக் குறி மட்டும் போடுகிறார்கள், தவறாகக் குற்றம் சாட்ட வாய்ப்பு அதிகம் என்பதால். அந்த எண்ணை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அவர்களே சொல்கிறார்கள்.

என் பார்வை மேற்கோள்களின் மேல்தான் போகும். ஏஐ எழுத்துக் கருவிகள் இல்லாத கட்டுரையை உண்மையான ஆய்விதழின் பெயரில், தொகுதி எண், பக்க எண்ணோடு உருவாக்கிக் கொடுக்கும். பத்து மேற்கோளை எடுத்து டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான அடையாள எண்) போட்டுப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அப்படி ஒன்று சிக்கினால் மீதி அத்தனையையும் பார்ப்பேன். வரைவுகளை வையுங்கள்: தேதி வாரியாகக் கோப்புகள், கைடு திருத்திய தாள்கள், நோட்டு. ஏஐ எழுதியது என்று யாராவது சொன்னால் எடுத்துக் காட்ட உங்களிடம் இருப்பது அதுதான்.

வைகறை:
பட்டம் கையில் வந்தபிறகு யார் கிண்டப் போகிறார்கள்?

நூலகமேசை:
பட்டம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் மென்பிரதி பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையமான இன்ஃப்ளிப்நெட்டுக்குப் போய், ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஊரே படிக்கலாம். பிறகு நிரூபணமானால் பட்டத்தை நிறுத்தி வைக்க விதியில் இடம் உண்டு. வெளியில் பார்த்தால், ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க்கின் ஆய்வேட்டை 2011-இல் முகம் தெரியாத தன்னார்வலர்கள் இணையத்தில் கூடிப் பக்கம் பக்கமாகப் பிரித்தார்கள். பைராய்ட் பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்தைத் திரும்பப் பெற்றது, மார்ச் 1-ஆம் தேதி அவர் பதவி விலகினார்.

புகார் வந்தால் துறைத் தலைவர் தலைமையில் மூன்று பேர் குழு 45 நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும். அது நிறுவன அளவிலான குழுவுக்குப் போகும், அங்கும் 45 நாள். உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். குழுவில் இருப்பவர் மீதே புகார் என்றால் அவர் அந்தக் கூட்டத்தில் உட்காரக் கூடாது.

திருத்தும்கை:
ஏரிக்கரை, அந்த எட்டுப் பக்கம் எப்படி உள்ளே வந்தது என்று நோட்டைப் பாருங்கள். பெரும்பாலும் குறிப்பெடுக்கும்போதே நடப்பது இது. நூலிலிருந்து அப்படியே எழுதிவைத்தது, இரண்டு ஆண்டு கழித்துப் பார்க்கும்போது சொந்த வரிபோலத் தோன்றும். அப்படியே எழுதினால் அந்த நொடியே மேற்கோள் குறி, பக்க எண். சுருக்கி எழுதினால் நூலை மூடிவிட்டு எழுதி, பக்க எண் போட்டு, பிறகு திறந்து சரிபார்க்க வேண்டும். உங்கள் யோசனை என்றால் ஓரத்தில் தேதி. கணினியில் செய்தால் மூன்றுக்கும் மூன்று நிறம். ஜோட்டெரோ மாதிரி மென்பொருள் பட்டியல் போட்டுத் தரும், எந்த வரி யாருடையது என்பதை அது சொல்லாது. பட்டியலிலும் கவனம் வேண்டும்: நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, 'இன்னார் க.' என்று இருப்பதை அது 'க., இன்னார்' என்று புரட்டிவிடும். 'இன்னார், க.' என்று கையால் திருத்துங்கள்.

ஏரிக்கரை:
நோட்டில் அப்படித்தான் இருக்கிறது, பக்க எண்ணே இல்லை. நூலை மறுபடி எடுத்து அந்த எட்டுப் பக்கத்தையும் எழுதுகிறேன். சொந்தக் கட்டுரைக்கான குறிப்பு எப்படி இருக்க வேண்டும்?

நூலகமேசை:
இயலின் முதல் பக்கத்தில், அடிக்குறிப்பாக: "இவ்வியலின் பிரிவு இத்தனை, ஆய்வாளர் எழுதி இன்ன ஆய்விதழில் (தொகுதி, இதழ் எண், ஆண்டு, பக்கங்கள்) வெளியான கட்டுரையின் விரிவாக்கம். அட்டவணை இத்தனை அதிலிருந்து எடுக்கப்பட்டது." பதிப்புரிமை ஆய்விதழுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அவர்களிடமிருந்து ஓர் அனுமதி மின்னஞ்சலும் வாங்கிப் பின்னிணைப்பில் வைத்துவிடுங்கள்.